பந்து இல்லாத பக்கம்

எங்கள் அணி கோல் வாங்குமா வாங்காதா என்று ஊரில் யாரும் பேசவில்லை. எத்தனை வாங்கும் என்பதில்தான் சண்டை. உலகக் கால்பந்துப் போட்டிக்குள் எங்கள் நாடு முதல் தடவையாகக் கால் வைக்கிறது. முதல் ஆட்டமே போன முறை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்களோடு. முடிவெட்டும் கடைக்காரர் ஐந்து என்றார். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு இருந்தவர், "அஞ்சு முதல் பாதியிலயா, மொத்தமாவா?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் கோட்டு போட்ட நான்கு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து எங்கள் வாய்ப்பைச் சதவீதமாகப் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சதவீதத்தை வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தால் ஒருத்தரும் குடை எடுத்திருக்க மாட்டார்கள். அந்த நால்வரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தினமும் பார்த்தேன்.

இத்தனை பேர் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் வாய்ப்பு என்ன என்பதற்கான பதில் எங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட இருட்டுக்குள் கிடந்தது. அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணி.

ஸ்டூடியோ எங்கள் குடும்பத் தொழில். நான் போட்டோ எடுப்பேன், அண்ணி வீடியோ. அண்ணன் லைட்டைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்பார். வீட்டிலும் அவருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். அண்ணியின் கல்யாண வீடியோக்களுக்கு ஒரு பெயர் உண்டு. அவர் வீடியோவில் யாரும் கொட்டாவி விட மாட்டார்கள். மாமனார் வாயைத் திறந்து தூங்க மாட்டார். மாப்பிள்ளையின் அக்கா, பெண்ணின் நகையை ஏற இறங்கப் பார்த்து உதட்டைச் சுழிக்க மாட்டாள். இதெல்லாம் மண்டபத்தில் நடந்திருக்கும், நானே கண்ணால் பார்த்திருப்பேன். வீடியோவில் இருக்காது. "அவங்க வீட்டுல முப்பது வருஷம் போட்டுப் பாக்கப்போறாங்க. ஒரு நிமிஷம் கோணலா நின்னதுக்கு முப்பது வருஷம் தண்டனையா?" என்பார் அண்ணி. வாடிக்கையாளர்கள் வரிசை கட்டி வந்ததே இந்தக் கைக்காகத்தான்.

அண்ணியின் தம்பி தேசிய அணியில் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிற ஆள். பத்திரிகைக்காரர்கள் அவனுக்குச் 'சுவர்' என்று பெயர் வைத்தார்கள். அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் அம்மாவே, அதாவது எங்கள் அத்தையே, "சுவரு சாப்டுச்சா?" என்று போனில் கேட்பார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் நடந்தது. இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைகழுவினார்கள். அவன் திரும்பி வந்து தகுதிச் சுற்று முழுவதும் ஆடினான். அந்தச் சுற்றில்தான் நாங்கள் உலகப் போட்டிக்கே தேர்வானோம்.

தேர்வான கையோடு பழைய கோச் வேறு நாட்டு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரைப் பையன்கள் 'பூட்டு' என்று அழைத்தார்கள். வாய் திறப்பது அவ்வளவு அபூர்வம். வந்ததும் அவர் கேட்டது, ஆட்டங்களைப் பதிவு செய்து வெட்டித் தொகுத்துக் கொடுக்க ஓர் ஆள். சுவர் போய், "எங்க அக்கா இருக்காங்க சார்" என்றான்.

முதல் நாள் ஒரு பயிற்சி ஆட்டத்தை அண்ணி மைதான ஓரத்தில் கட்டியிருந்த சாரத்தின் மேல் ஏறி நின்று எடுத்தார். கோச் முழுவதும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. இதுல மாப்பிள்ளை யாரு?"

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பந்து போற இடமெல்லாம் பின்னாடியே போறீங்க. பந்தை டிவிக்காரன் காட்டுவான். எனக்குப் பந்து இல்லாத பக்கம் வேணும். பந்து அந்த ஓரத்துல இருக்கும்போது, இந்த ஓரத்துல நிக்கிறவன் என்ன பண்றான்? தலையைச் சொறியறானா, வேலை பாக்குறானா? அது தெரிஞ்சாதான் எனக்குச் சோறு."

அண்ணி பிடித்துக்கொண்டார். அதன் பிறகு கேமராவை அகலமாக வைத்து, மைதானம் முழுவதும் தெரிகிற மாதிரி அசையாமல் எடுக்கப் பழகினார். என்னிடம்கூட ஒரு நாள், "மேடையை விட்டுட்டு மண்டபத்தையே எடுக்கிற மாதிரி இருக்குப்பா. கை நமநமங்குது" என்றார். கேமரா பழகிவிட்டது. வெட்டுகிற கை பழகவில்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

கால்பந்துச் சங்க அலுவலக அலமாரியில் தகுதிச் சுற்று ஆட்டங்களின் பதிவுகள் தூசு பிடித்துக் கிடந்தன. மைதானக் கூரையில் பொருத்திய கேமரா எடுத்தவை. யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. கோச் அவற்றை அண்ணியிடம் கொடுத்து, பின்வரிசை ஆட்டக்காரர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை மட்டும் தொகுத்துத் தரச் சொன்னார். அண்ணி ராப்பகலாக வேலை செய்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோச் தன் திட்டத்தைப் போட்டார்.

திட்டம் இதுதான். எங்களை மாதிரி நோஞ்சான் அணிகள், பெரிய அணி எதிரே வந்தால் தங்கள் கோலை ஒட்டிப் பதுங்கிக்கொள்ளும். கடைசியில் அடி வாங்கிச் சாகும். நாம் பதுங்க வேண்டாம், பின்வரிசை மேலே ஏறி மைதானத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்றார் கோச். எதிராளிக்கு மூச்சுவிட இடம் இருக்காது. ஒரே ஆபத்து, தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டால் நம் ஆள் சட்டென்று திரும்பி ஓடிப் பிடிக்க வேண்டும். திரும்பி ஓடத் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் ஆகும்.

"சுவர் திரும்பிடுவான். வீடியோவில பாத்தேன்" என்றார் கோச். "இப்படி நின்னா ஒரு டிரா நமக்குக் கிடைக்கும்." அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். அணி தங்கியிருந்த விடுதி முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். டிரா, டிரா என்று சமையல்காரர்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெள்ளோட்ட ஆட்டம் நடந்தது. பக்கத்து நாட்டு கிளப் ஒன்றை வரவழைத்திருந்தார்கள். எங்கள் லெஃப்ட் பேக்குக்கு, அதாவது சுவருக்கு இடப்பக்கம் ஓரத்தில் நிற்கிறவனுக்கு, அன்றைக்கு ஜுரம். அவனைக் 'கடிகாரம்' என்பார்கள். பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். அவனுக்குப் பதில் வேறொருவனை நிறுத்தினார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் பாதியிலேயே இரண்டு கோல் விழுந்தது. இரண்டும் ஒரே அச்சு. பந்து சுவரின் இடது தோளுக்கு மேலே பறந்தது, அவன் திரும்பினான், திரும்பி முடிப்பதற்குள் எதிராளி அவனைத் தாண்டிப் போய்விட்டான். அதுவும் ஒன்றும் பெரிய கொம்பன் இல்லை. சாதாரண கிளப் ஆட்டக்காரன்.

ஆட்டம் முடிந்ததும் கோச் சாரத்தின் அடியில் வந்து நின்று மேலே பார்த்தார்.

"ஏம்மா, இது எங்கேருந்து வந்துச்சு? நீங்க குடுத்த வீடியோவில இந்த மாதிரி ஒரு தடவைகூட இல்லையே?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றார் அண்ணி. இறங்கும்போது அவர் கால் ஏணிப்படியைத் தேடியதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சாப்பிடக்கூடச் செய்யாமல் பின்னறைக்குள் போனார். நானும் போனேன். வெட்டாத மூலப் பதிவுகளைத் திறந்தார். முதல் ஆட்டம், கொஞ்சம் ஓட்டினார். அங்கே இருந்தது: தோளுக்கு மேல் பந்து, சுவர் திரும்புகிறான், ஒரு நொடி தாமதம், கை காற்றைத் துழாவுகிறது. பந்து எப்படியோ வெளியே போய்விட்டது, கோல் இல்லை. அடுத்த ஆட்டத்திலும் இருந்தது. அதற்கடுத்ததில் அவன் புல்லில் உட்கார்ந்தேவிட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இருந்தது. அண்ணியின் தொகுப்பில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

"நான்தான் வெட்டியிருக்கேன்" என்றார் அண்ணி. "எனக்கு ஞாபகமே இல்லப்பா. கோல் ஆகல, பாக்கக் கோணலா இருக்கு, எதுக்குன்னு கை தானா தூக்கிப் போட்டிருக்கு."

"வேற யாராவதா இருந்தா தூக்கிப் போட்டிருப்பீங்களா அண்ணி?"

கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. அண்ணி அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். "தெரியல" என்றார்.

சாயங்காலம் சுவர் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்னறைக்கு வந்தான். திரையில் அவனே பாதி திரும்பிய நிலையில் உறைந்து நின்றான். அதைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான்.

"பாத்துட்ட."

"முட்டி வலிக்குதாடா?"

"வலி இல்ல. திரும்பும்போது மட்டும் முட்டி ஒரு நொடி யோசிக்குது. ஆனா நான் சமாளிச்சிடறேன்கா. தகுதிச் சுற்று முழுக்க என் பக்கமா ஒரு கோல் விழுந்துச்சா? சொல்லு. நேத்து வரைக்கும் விழுந்துச்சா?"

விழவில்லை. அதுதான் எனக்கும் புரியாமல் இருந்தது.

"இன்னைக்கு விழுந்துச்சேடா. ரெண்டு."

"ஒரு நாள் யாருக்குத்தான் சறுக்கல? வெளிச்சம் கண்ணுல அடிச்சுதுன்னு கோச்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பொய் சொல்ல வேணாம். நாளைக்கு மீட்டிங்ல பழைய வீடியோவையே திரும்பப் போடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

அண்ணி ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"அடுத்த தடவைன்னு எனக்கு ஒண்ணு கிடையாதுக்கா. நாலு வருஷம் கழிச்சு நான் எவனுக்காவது பை தூக்கிட்டு நிப்பேன். இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன். உனக்குத் தெரியாதா? நீதான பக்கத்துல உக்காந்திருந்த?"

"சாப்டியாடா?"

"பேச்சை மாத்தாத."

அவன் போன சற்று நேரத்தில் அத்தையின் போன் வந்தது. அண்ணி ஒலிபெருக்கியில் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. அத்தை பேசினால் தெரு முனைக்குக் கேட்கும்.

"ஏன்டி, ஊர்ல உள்ளவன் வீட்டு மாப்பிள்ளைக்கெல்லாம் கொட்டாவியை மறைச்சு விடற. சொந்தத் தம்பின்னு வந்தா மட்டும் உனக்கு நியாயம் கண்ணைத் தொறக்குதா? அவன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட, அப்புறம் என் வாசல்ல கால் வெக்காத. சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். எனக்கும் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தது, அதையே சொன்னேன். ஊரே ஐந்து கோல் என்கிறது, அந்த ஐந்தை அவன் நின்று வாங்கினால் என்ன, வேறு எவனாவது நின்று வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

"எதிர் அணியோட ஏழாம் நம்பரைப் பாத்திருக்கியா நீ?" என்றார் அண்ணி. "வர்றது நம்ம இடப்பக்கமாத்தான். சிறுத்தை மாதிரி ஓடுறான். நாம மேல ஏறி நின்னா ஒவ்வொரு பந்தும் இவன் தோளுக்கு மேலதான் போகும். அஞ்சு கோலும் இவன் பேர்ல எழுதுவாங்க. அதை உலகமே எடுத்துட்டு இருக்கும்பா. அதை நான் போய் எங்க வெட்ட?"

அண்ணி மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மேசைகளை ஓரமாகத் தள்ளி, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான். அண்ணியின் உள்ளங்கையில் இரண்டு பென்டிரைவ் இருந்தன: சிவப்பில் பழைய தொகுப்பு, கறுப்பில் அவர் வெட்டிப் போட்ட காட்சிகள். இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். எதைப் போடப்போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரம் ஜுரம் விட்டு, காதைச் சுற்றி மஃப்ளரோடு கடைசியில் இருந்தான்.

கோச் எழுந்தார்.

"டிவியில சொல்றதை மறந்துடுங்க. நமக்கு என்ன வாய்ப்புன்னு நாமளே நமக்கு உண்மையைச் சொல்லிக்கணும். ஒரு டிரா கிடைக்குமா, கிடைக்காதா? நேத்து காலையில கேட்டிருந்தா கிடைக்கும்னு சொல்லியிருப்பேன். நேத்து ஆட்டம் முடிஞ்சதுலேருந்து எனக்குத் தெரியல. அம்மா, போடுங்க."

அண்ணி எழுந்தார். புரொஜெக்டர் பக்கம் நடந்தார். நடு வழியில் நின்றார்.

"சார், நான் குடுத்தது முழுசு இல்ல. நான் வெட்டிட்டேன்."

"யாரு சொல்லி?" என்றார் கோச்.

"யாரும் சொல்லல சார். பழக்கதோஷம்."

கறுப்பைச் செருகினார். சுவர் முகத்தைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.

ஆட்டம் ஆட்டமாக ஓடியது. தோளுக்கு மேல் பந்து, தாமதமான திரும்பல், துழாவும் கை. முதலில் ஓரிருவர் சிரித்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் அப்படித்தான், எவன் விழுந்தாலும் சிரிப்பார்கள். நான்காவதுக்கு மேல் சிரிப்பு நின்றது. ஒரு மனிதனை இத்தனை பேர் நடுவில் உட்கார வைத்து, அவன் விழுந்ததை எல்லாம் வரிசையாகக் காட்டுகிற கொடுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணி திரையைப் பார்க்கவில்லை. புரொஜெக்டரின் மேல் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

"சுவர்" என்றார் கோச். "நிமிர்ந்து பாரு."

அவன் நிமிர்ந்தான். இன்னும் இரண்டு ஓடின. மூன்றாவதில் அவன் சட்டென்று எழுந்தான்.

"நிறுத்துக்கா. பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். அங்க."

திரைக்குப் பக்கத்தில் போனான். அவன் நிழல் பாதி மைதானத்தை மறைத்தது. விலகி நின்று, திரையின் இடது ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் விரலை வைத்தான். எறும்பு அளவுக்கு ஓர் ஆள்.

"இது யாரு? கடிகாரமா?"

வரிசையில் இருந்தவர்கள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பந்து இன்னும் எதிராளி கால்லதான் இருக்கு. அவன் உதைக்கவே இல்ல. நீ எதுக்கு எனக்குப் பின்னாடி ஓடி வர்ற?"

கடிகாரம் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டான்.

"கேக்குறேன்ல?"

"நீ திரும்ப லேட்டாகும்ல" என்றான் கடிகாரம், வேண்டாவெறுப்பாக. "அதான்."

"எப்பலேருந்து?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேருந்து."

சுவர் அடுத்ததைப் போடச் சொன்னான். அதிலும் இருந்தது. நாங்கள் எல்லோரும் அவன் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அண்ணியும் நானும் முந்தின நாள் திரும்பத் திரும்ப அதைத்தான் பார்த்தோம். ஓரத்தில் அந்த எறும்பு, பந்து கிளம்புவதற்கு முன்பே தன் இடத்தை விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தது. கடிகாரம் விட்டுவந்த இடத்தை நடுவரிசைக்காரன் ஒருவன் இறங்கி வந்து அடைத்தான். கோல்கீப்பர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றான். எல்லோரும் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், தகுதிச் சுற்று முழுவதும் இவன் ஒருவனைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நேற்று கடிகாரம் இல்லை. அதனால் விழுந்தது.

சுவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். ஒருவனும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. கோல்கீப்பர் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

"நான் சமாளிச்சிட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்றான் சுவர். கல்லூளிமங்கன், ஆஸ்பத்திரியில்கூட அழாதவன், அங்கே நின்று குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான். "நான்தான் சமாளிக்கிறேன்னு நெனச்சேன்டா."

கோச் அவன் பக்கத்தில் வந்தார். பிறகு கேட்டார்.

"கடிகாரம் உள்ள வந்துட்டா, ஏழாம் நம்பரை யாரு பாப்பா?"

"அவனை ஓடிப் பிடிக்க வேற யாரும் இல்ல சார்."

"அப்ப டிரா கிடைக்குமா?"

சுவர் முகத்தைச் சட்டையில் துடைத்தான். அவன் வாயிலிருந்து அது வரவேண்டும் என்று கோச் காத்திருந்தார். அதற்காக அன்றைக்கு எனக்கு அவர் மேல் கொலைவெறி வந்தது.

"கிடைக்காது" என்றான் சுவர். "ஒட்டடையை நிறுத்துங்க சார். அவன் திரும்புவான்."

ஒட்டடை என்பது மாற்று ஸ்டாப்பர். ஒல்லியாக, கூரையை முட்டுகிற உயரத்தில், ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். தன் பெயரைக் கேட்டதும் அவன் நாற்காலிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளப் பார்த்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சுவர் அக்காவைத் தாண்டிப் போனான். நிற்கவில்லை. அண்ணி "டேய்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவனுக்குக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு அணியோடு அண்ணியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார். போகும் வழியிலும் அங்கே போய் இறங்கியும் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை என்று போனில் சொன்னார். அத்தையும் பேசவில்லை. முதல் ஆட்டத்தன்று மட்டும், மகள் ஊரில் இல்லை என்ற தைரியத்தில், எங்கள் பெரிய டிவிக்காக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடமும் பேசவில்லை. நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் பின்வரிசை மேலே ஏறி நின்றபோது தெருவே "ஐயோ" என்றது. பந்து தலைக்கு மேல் பறந்தது, ஒட்டடை திரும்பினான், நீளக் காலை நீட்டித் தட்டிவிட்டான். மறுபடி பறந்தது, மறுபடி திரும்பினான். கடிகாரம் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. ஏழாம் நம்பரின் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தான். இடைவேளையில் கோட்டு போட்ட நால்வரும் பேச்சு வராமல் விளம்பரத்துக்குப் போனார்கள். இரண்டாம் பாதியில் ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அண்ணன் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவே மாட்டேன் என்றார். அத்தை ஆட்டத்தையே பார்க்கவில்லை. எப்போதாவது டிவிக்காரன் வெளியே உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டும்போது மட்டும் முன்னால் குனிந்தார். சுவர் மைதான எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை நரம்பு புடைக்க, ஒட்டடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக விசில் ஒலித்தது. கோல் இல்லாத டிரா. தெருவில் பாத்திரத்தைத் தட்டினார்கள். முடிவெட்டும் கடைக்காரர் துணியோடும் கத்தரியோடும் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அத்தை எழுந்து, "என் பிள்ளையை ஒரு நிமிஷம் இறக்கினானா பாரு, பாவி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம். அவற்றிலும் சுவரை இறக்கவில்லை. உலகப் போட்டிக்குப் போன ஒரே தடவையில் அவன் புல்லை மிதித்தது பயிற்சிக்கு மட்டும்தான்.

ஊர் திரும்பி மாலை மரியாதையெல்லாம் முடிந்து, சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் சுவர் ஸ்டூடியோவுக்கு வந்தான். பின்னால் அத்தை. அவர் உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். அண்ணி ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்தார், நாற்காலியை எடுத்துப் போட்டார், என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனை வேகமாக வைத்தார்.

"அக்கா" என்றான் அவன். அவ்வளவு நாள் கழித்து முதல் வார்த்தை. "அன்னைக்குக் காட்டினியே. அதை எனக்கு ஒரு பிரதி போட்டுக் குடு."

"எதுக்குடா? அதுல நீ..."

"நான் விழுந்தது எல்லாம் இருக்கட்டும். ஒண்ணையும் வெட்டாத. பின்னாடி அவங்க ஓடி வர்றாங்கல்ல, எனக்கு அது வேணும்."

அண்ணி அந்தக் கறுப்புப் பென்டிரைவைத் தேடி எடுத்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திரையில் ஓடவிட்டார். அத்தை எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டது. மகன் விழுவதைப் பார்த்துத் திட்ட ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி, கண்ணாடித் திரையின் ஓரத்தைத் தொட்டார்.

"இந்தப் பையன் யாரு?"

"கடிகாரம்மா" என்றான் சுவர்.

"அன்னைக்கு ஜுரம்னீங்களே, இவனுக்கா?"

"ஆமா."

"இப்ப சரியாயிடுச்சா?"

"அது எப்பவோ போயிடுச்சும்மா."

"ஞாயித்துக்கிழமை அவனைச் சாப்பிடக் கூட்டிட்டு வா. அந்த கோல்கீப்பர் பையனையும் கூப்பிடு."

திரையில் அந்தக் காட்சி முடிந்து அடுத்தது வந்தது. அத்தை நாற்காலியை இழுத்து, மகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"முதல்லேருந்து போடுடி."